நடுவழியில் படகுக் கருவி கெட்டுப்போனால் எங்கே வாங்குவது?

நீங்கள் கேட்டது இது: சிங்கப்பூர் துவாஸ் பக்கம் கட்டிவைத்திருக்கும் உங்கள் 38 அடி பாய்மரப் படகில் ஜனவரி கடைசியில் கிளம்பி லங்காவி, புக்கெட், இலங்கை, மாலத்தீவு என்று போகப் போகிறீர்கள். படகு 1980களில் அமெரிக்காவில் கட்டியது. வழியில் ஏதாவது கருவி செத்துப்போனால் சிங்கப்பூரிலிருந்து வரவழைப்பதா, அமெரிக்காவிலிருந்தே வரவழைப்பதா, நின்ற ஊரில் கிடைப்பதை வாங்கிப் போடுவதா? இல்லை, இப்போதே எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வாங்கி அடுக்கிக்கொண்டு போய்விடலாமா?

இரண்டிரண்டாக வாங்காதீர்கள். 38 அடியில் அதற்கு இடம் கிடையாது. இடம் இருந்தாலும், கெட்டுப்போவது நீங்கள் வாங்கிவைக்காத சாமானாகத்தான் இருக்கும். மற்ற கேள்விகளுக்குப் பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் செம்பவாங்கில் கப்பல் பட்டறை மெஷின் ஷாப்பில் முப்பது ஆண்டு இருந்தவன். ஓய்வு பெற்றபின் நானும் மனைவியும் 36 அடிப் படகில் நீங்கள் சொல்கிற அதே வழியில் இலங்கை வரை போய்த் திரும்பினோம். பட்டறைக்காரன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்போடு கிளம்பினேன். அந்த நினைப்பை இலங்கையின் காலித் துறைமுகத்தில் இறக்கிவைத்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். லங்காவியில் இருக்கும்போதே, எஞ்சினுக்குக் கடல்நீர் இழுக்கும் பம்ப்பில் சொட்டுச் சொட்டாகக் கசிவு. அந்தப் பம்ப்பில் இரண்டு சீல் உண்டு. ஒன்று கடல்நீரைத் தடுக்கும், மற்றொன்று எஞ்சின் ஆயிலைத் தடுக்கும். இரண்டுக்கும் நடுவில், அடிப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். தண்ணீர் சீல் தேய்ந்துவிட்டது என்று நமக்குச் சொல்வதற்காகவே வைத்த ஓட்டை அது. நான் என்ன செய்தேன்? அடியில் ஒரு மைலோ டின்னை வைத்தேன். காலித் துறைமுகம் போய்ச் சேர்ந்தபோது டின் ஒரு மணி நேரத்தில் நிறைந்தது, பேரிங் மிளகு அரைக்கிற சத்தம் போட்டது. இன்னும் இரண்டு நாள் ஓட்டியிருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போய் எஞ்சின் ஆயில் பால்காப்பி நிறத்துக்கு வந்திருக்கும்.

எஞ்சின் கம்பெனியின் முகவர் ஒருவருக்கு எழுதினேன். சீல் தனியாகத் தருவதில்லை, முழுப் பம்ப்தான், ஐந்து வாரம் ஆகும் என்று பதில் வந்தது. பணம் கட்டினேன். மூன்றாம் நாள், எங்கள் கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை செய்த பையன், "பம்ப்பைக் கழட்டிக்கொண்டு கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போங்கோ" என்றான். மருதானை ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் தெருத்தெருவாக வண்டி உதிரிப்பாகக் கடைகள். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். எஞ்சின் என்ன மார்க், படகு என்ன படகு, எதையும் அவர் கேட்கவில்லை. "பழசைக் கொண்டு வந்தனீங்களோ?" என்பதுதான் முதல் கேள்வி. பேரிங்கை மண்ணெண்ணெயில் துடைத்து, ஓரத்தில் பொறித்திருந்த நம்பரைப் படித்தார்: 6203. சீலை வெர்னியர் அளவுகோலில் அளந்தார். ஒன்றை எடுத்து வைத்தவர், "உப்புத் தண்ணிக்கோ? அப்ப இது சரிவராது, ஸ்பிரிங் துருப்பிடிச்சுப் போகும்" என்று வேறொன்றைத் தேடி எடுத்தார். மொத்தம் கொடுத்த பணத்தில் சிங்கப்பூரில் இரண்டு பேர் மதியச் சாப்பாடு சாப்பிடலாம், அவ்வளவுதான். மறுநாள் சாயங்காலம் எஞ்சின் ஓடியது. ஐந்து வாரப் பம்ப் ஏழு வாரத்தில் வந்தது. இன்னமும் பெட்டி பிரிக்காமல் வீட்டு ஸ்டோர் ரூமில் கிடக்கிறது, மனைவி அவ்வப்போது அதைக் காட்டிச் சிரிப்பாள்.

படகுக்காரர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். கெட்டுப்போனதைப் 'படகுச் சாமான்' என்று நினைத்ததும் தேடும் இடம் படகுக் கடை என்று சுருங்கிவிடுகிறது. அந்தக் கடையோ ஊருக்கு ஒன்று இருந்தால் அதிகம். அதே சாமான் லாரியிலும், மாவு மில்லிலும், மீன்பிடி வள்ளத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒரு நம்பர் இருக்கிறது, அந்த நம்பர் உலகம் முழுவதும் ஒன்றுதான்.

6203 என்றால் உள்விட்டம் 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40, தடிமன் 12. எந்தக் கம்பெனி செய்தாலும் இதே அளவு. 04-லிருந்து கணக்கு எளிது: கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வந்துவிடும். 6204 என்றால் 20 மில்லிமீட்டர், 6205 என்றால் 25. நம்பருக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்றிருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. சி3 என்றிருந்தால் சூட்டில் விரிவதற்கு உள்ளே கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்டது. பழையதில் சி3 இருந்தால் புதியதிலும் கேட்டு வாங்குங்கள். ஆயில் சீலில் மூன்று எண் இருக்கும்: தண்டின் விட்டம், அது உட்காரும் துளையின் விட்டம், தடிமன். வி-பெல்ட்டிலும் எண் இருக்கும். எண் அழிந்துபோனால்தான் வெர்னியர். நல்ல வெர்னியர் ஒன்று படகில் இருக்கட்டும். இருபது வெள்ளி ஸ்டெயின்லெஸ் வெர்னியர் போதும். பேட்டரி போட்டது வேண்டாம், அதற்குப் பேட்டரி தேடி அலைய வேண்டி வரும்.

எஞ்சினுக்கும் இதேதான். கடல் எஞ்சின் என்று பெயின்ட் அடித்து விற்பதில் பலவற்றின் உடம்பு வேறு வீட்டுப் பிள்ளை. பீட்டா, நான்னி கம்பெனிகளின் சின்ன எஞ்சின்கள் பெரும்பாலும் குபோட்டா. பழைய யுனிவர்சல் எஞ்சின்கள் பலவும் குபோட்டா. வீட்டஸில் பல மிட்சுபிஷி. வால்வோ பென்டாவின் சின்ன டீசல்களில் சில பெர்கின்ஸ் வீட்டு உடம்பு. உங்கள் எஞ்சின் யார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடித்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஃபில்டர், கேஸ்கெட், இன்ஜெக்டர் நாசில், தெர்மோஸ்டாட் எல்லாம் டிராக்டர் கடையிலோ ஜெனரேட்டர் கடையிலோ கிடைக்க வழியுண்டு.

கிடைக்காதவையும் உண்டு. கடலுக்கென்று மேலே மாட்டிய பாகங்கள்: கடல்நீர் பம்ப், ஹீட் எக்ஸ்சேஞ்சர், எக்ஸாஸ்டில் தண்ணீர் கலக்கும் முழங்கை, கியர்பாக்ஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் டாம்பர் பிளேட். இவற்றை எந்த டிராக்டர் கடையும் தராது. இடம் ஒதுக்குவதென்றால் இவற்றுக்கு ஒதுக்குங்கள். முழங்கை ஒன்று, பம்ப்புக்கு சீல், பேரிங், தண்டு ஒரு செட், பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இறகுச் சக்கரமான இம்பெல்லர் ஐந்தாறு. இம்பெல்லரை ரப்பர் என்று அலட்சியமாக எஞ்சின் அறைச் சூட்டில் போட்டுவைக்காதீர்கள், பயன்படுத்தாமலே இறகு விறைத்துவிடும்.

'எங்கும் கிடைக்கும்' என்பதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் பளபளப்பாகத் தொங்கும் பித்தளை பால் வால்வு உங்கள் படகின் அடித்துளைக்கு அச்சாகப் பொருந்தும். போட்டுவிடாதீர்கள். சாதாரணப் பித்தளையில் துத்தநாகம் நிறைய. கடல்நீர் அந்தத் துத்தநாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துவிடும். மிஞ்சுவது செம்பு நிறத்தில் பஞ்சுபோல ஒன்று. கைப்பிடியைத் திருப்பும்போது கையோடு வரும், பிறகு படகின் அடியில் ஓட்டை. நீர்மட்டத்துக்குக் கீழே வெண்கலம், இல்லையென்றால் துத்தநாகம் கரையாத டிஇசட்ஆர் வகைப் பித்தளை, இல்லையென்றால் படகுக்கென்றே செய்த பிளாஸ்டிக். இந்த ஒன்றுக்கு மட்டும் எத்தனை வாரமானாலும் காத்திருக்கலாம். போல்ட்டும் அப்படித்தான். தலையில் ஏ2 என்றிருந்தால் 304 ரகம், ஏ4 என்றிருந்தால் 316 ரகம். கடலுக்கு ஏ4. காந்தம் வைத்துப் பார்ப்பது நம்ப முடியாத சோதனை, அதை வைத்து விற்கிற கடைக்காரரிடம் வாதாடாமல் வேறு கடைக்குப் போங்கள்.

உங்கள் படகு அமெரிக்கப் படகு என்பதால் தனியாக ஒரு தலைவலி இருக்கிறது, மரை. அமெரிக்கக் குழாய் மரை என்பிடி. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை என்று நீங்கள் போகும் வழியெல்லாம் பிரிட்டிஷ் மரையான பிஎஸ்பி. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 புரி. அதனால் ஒன்று மற்றொன்றில் இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறும், நமக்கும் சரியானதுதான் என்று தோன்றும். ஆனால் புரியின் கோணம் ஒன்றில் 60 பாகை, மற்றொன்றில் 55. எவ்வளவு டேப் சுற்றினாலும் ஒரு நாள் ஒழுகும், முறுக்கினால் வெடிக்கும். மற்ற அளவுகள் பலவற்றில் புரி எண்ணிக்கையே வேறு, கால் அங்குலத்தில் 18-க்கு 19, ஒரு அங்குலத்தில் பதினொன்றரைக்கு 11. இது ஒரு வகையில் நல்லது, ஏறாது என்று உடனே தெரிந்துவிடும். ஏமாற்றுவது அந்த இரண்டு அளவும்தான். நான் சொல்வது: கிளம்புமுன் படகில் உள்ள ஒவ்வொரு அளவுக்கும் என்பிடியிலிருந்து பிஎஸ்பிக்கு மாற்றும் வெண்கல இணைப்பு இரண்டு செய்து வாங்கிக்கொள்ளுங்கள். கடைசல் பட்டறையில் சொன்னால் கடைந்து தருவார்கள். ஒரு பிஸ்கட் டப்பாவில் அடங்கும், பல சந்தர்ப்பங்களில் முழுக் கருவியையே வரவழைக்கும் செலவை மிச்சப்படுத்தும். போல்ட்டிலும் இதே ஏமாற்று வேலை: எம்8 போல்ட்டும் 5/16 அங்குல போல்ட்டும் கண்ணுக்கு ஒன்றுதான். ஒன்றின் நட்டை மற்றதில் பலவந்தமாக ஏற்றினால் இரண்டும் குப்பைக்கு.

நங்கூரச் சங்கிலியும் இந்தக் கதைதான். நங்கூரத்தைத் தூக்கும் உங்கள் வின்ட்லாஸ் யந்திரத்தின் சக்கரம் அநேகமாக 3/8 அங்குலச் சங்கிலிக்கு வெட்டியது. இந்தப் பக்கம் கிடைப்பது 10 மில்லிமீட்டர். அந்த 10 மில்லிமீட்டரிலும் இரண்டு தரம்: ஜெர்மன் தரமான டிஐஎன் 766 என்றால் ஒரு கண்ணியின் உள்நீளம் 28 மில்லிமீட்டர், ஐஎஸ்ஓ 4565 என்றால் 30. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் பத்துக் கண்ணியில் சக்கரத்திலிருந்து துள்ளிவிடும். நங்கூரம் விடும்போது ஓடுகிற சங்கிலியில் விரலை வைத்தவர்கள் பட்டறையில் எனக்குத் தெரிந்தே உண்டு. சங்கிலி வாங்கப் போகும்போது சக்கரத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், கடையிலேயே போட்டுப் பாருங்கள். 60 மீட்டர் வாங்கினால் 130 கிலோவுக்கு மேல் வரும், திருப்பிக் கொடுக்க முடிகிற சாமான் இல்லை. நல்ல வேளையாக, வின்ட்லாஸின் மோட்டார் வண்டி ஸ்டார்ட்டரின் சித்தப்பா மகன். கார்பன் பிரஷ், ஆர்மேச்சர் வேலையை எந்த ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியனும் பார்ப்பார். ஆல்டர்னேட்டரும் அப்படியே.

மின்சாரம் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் படகில் கரை மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் பக்கம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சார்ஜர் 90-லிருந்து 265 வோல்ட் வரை ஏற்கும் ரகமாக இருந்தால் கவலையில்லை, தகட்டில் எழுதியிருக்கும். மோட்டார் வைத்த ஏசியோ கடல்நீரைக் குடிநீராக்கும் கருவியோ இருந்தால், டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டைக் குறைத்தாலும் 50 ஹெர்ட்ஸ் மாறாது. மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றிச் சூடாகும். இந்தக் கருவிகளில் ஒன்று செத்தால் அதே மாடலைத் தேடாமல் 230 வோல்ட்டுக்கு மாறிவிடுங்கள். 12 வோல்ட்டில் ஓடுவது கிடைத்தால் அது இன்னும் நல்லது.

இங்கேதான் உங்கள் கேள்வியின் இன்னொரு பாதி வருகிறது. பாகத்தை அல்ல, முழுக் கருவியையே மாற்ற நேர்ந்தால் எதை வாங்குவது? என் வழக்கம்: அந்த ஊர் மீனவர் என்ன வைத்திருக்கிறாரோ அதைப் பார்ப்பேன். அவருக்குக் கருவி ஓடினால்தான் சோறு. ஓடாத மாடலை அவர் வைத்திருக்க மாட்டார், பாகம் கிடைக்காத மாடலையும் வைத்திருக்க மாட்டார். கரைக்குப் போய்வரும் சின்னப் படகுக்குப் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் வாங்குவதென்றால் யமஹா 2 ஸ்ட்ரோக் 15 குதிரைச்சக்தி. சத்தம், புகை எல்லாம் உண்டு, ஆனால் லங்காவியிலிருந்து மாலத்தீவு வரை அதைத் திறந்து மூடத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். யான்மார் டீசலும் அப்படி. ஜெல் பேட்டரி, அமெரிக்க குரூப் 31 பேட்டரி என்று அலையாமல், லாரிக்குப் போடும் என்200 அளவில் பேட்டரி அறையைச் சரிசெய்துகொண்டால் எந்தத் துறைமுகத்திலும் கிடைக்கும். ஒன்று செத்தால் அந்தத் தொகுப்பு முழுவதையும் மாற்றுங்கள். பழையதோடு சேர்த்த புதியது, கூடா நட்பில் சேர்ந்த பிள்ளை மாதிரி, சீக்கிரம் கெட்டுப்போகும். நடுவழியில் லித்தியத்துக்குத் தாவாதீர்கள். அதன் பாதுகாப்புச் சர்க்யூட் திடீரென்று துண்டித்துக்கொண்டால் ஓடிக்கொண்டிருக்கும் ஆல்டர்னேட்டரின் டயோடு எரியும். செய்வதென்றால் இங்கேயே, ரெகுலேட்டரோடு முழுமையாகச் செய்யுங்கள்.

மீனவரைப் பார்த்து வாங்க முடியாத கருவிகளும் சில உண்டு. தானியங்கி சுக்கான், உங்கள் படகு இருக்கும் இடத்தை மற்றக் கப்பல்களுக்குக் காட்டும் ஏஐஎஸ், ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் இபிர்ப். சுக்கானுக்கு மூளைப் பெட்டி ஒன்று உபரியாக இருக்கட்டும், இரண்டு பேர் மட்டும் ஓட்டுகிற படகில் அது மூன்றாவது ஆள்.

ஏஐஎஸ்ஸும் இபிர்ப்பும் கடையில் எடுத்தோம், மாட்டினோம் என்ற சமாசாரம் இல்லை. ஏஐஎஸ்ஸில் உங்கள் படகின் ஒன்பது இலக்க எண்ணைப் பதிய வேண்டும். சிங்கப்பூர் எண் என்றால் 563-லிருந்து 566-க்குள் தொடங்கும். சின்னப் படகுகளுக்கான பி வகைக் கருவிகள் பலவற்றில் அதைப் பயனர் ஒரே ஒரு முறைதான் பதிய முடியும், தப்பாக அடித்தால் விற்பனையாளர்தான் திறக்க வேண்டும். புக்கெட்டில் மலிவாகப் பழையது ஒன்று வருகிறது என்றால் அதில் யாருடைய எண் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். இபிர்ப் இன்னும் முக்கியம். 406 மெகாஹெர்ட்ஸில் அது அனுப்பும் செய்திக்குள் ஒரு நாட்டின் குறியீடு இருக்கும். செய்தி போனதும் அந்த நாட்டின் பதிவேட்டில்தான் உங்களைத் தேடுவார்கள். வேறு நாட்டுக்குக் குறியிட்டதை அப்படியே வாங்கி மாட்டினால், நீங்கள் தண்ணீரில் இருக்கும்போது அங்கே ஒருவர் இல்லாத பதிவைப் புரட்டிக்கொண்டிருப்பார். அதன் பேட்டரிக் காலாவதியையும், லைஃப் ராஃப்ட் என்கிற உயிர்காப்பு மிதவையின் சர்வீஸையும் இங்கேயே முடியுங்கள். பெரிய கப்பல்களுக்காக வைத்திருக்கும் சர்வீஸ் நிலையங்கள் சிங்கப்பூரில் உண்டு. இவ்வளவு வசதி வழியில் வேறெங்கும் கிடைக்காது.

பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் கம்பிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பத்து ஆண்டு தாண்டியிருந்தால் கிளம்புமுன் மாற்றுங்கள். பல காப்பீட்டாளர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். மாற்றிவிட்டாலும், உங்கள் நீளமான கம்பியின் நீளத்துக்கு கம்பிக்குப் பதிலாகக் கட்டக்கூடிய டைனீமா என்ற பலமான கயிறு ஒரு சுருளும், மெஷின் இல்லாமல் ஸ்பானரால் மாட்டக்கூடிய முனை இரண்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, வரவழைப்பது என்று முடிவு செய்துவிட்டீர்கள். எப்படி? கூரியரில் எடையை மட்டும் பார்க்காதீர்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவதையும் எடையாகக் கணக்கிட்டு, எது அதிகமோ அதற்குத்தான் காசு வாங்குவார்கள். 60-க்கு 40-க்கு 40 பெட்டியில் ஆறு கிலோ பம்ப்பை வைத்தால் 19 கிலோவுக்கு மேல் கட்டணம். அனுப்புகிறவரிடம் சின்னப் பெட்டியில் கட்டச் சொல்லுங்கள், கேட்டால் செய்வார்கள். மேலே படகின் பெயர், கொடி நாடு, 'ஷிப் ஸ்பேர்ஸ் இன் டிரான்ஸிட்' என்று ஆங்கிலத்தில் பெரிதாக. உள்ளேயும் வெளியேயும் விலைப்பட்டியல், படகுப் பதிவின் நகல். விலையைக் குறைத்துப் போடச் சொல்லும் யோசனை வேண்டாம். பெட்டி சுங்கத்தில் மாட்டினால் நீங்கள்தான் நிற்க வேண்டும், பெட்டி தொலைந்தால் அந்தப் பொய் விலைதான் கையில் வரும். லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு என்பது உதவும். இலங்கையில் எப்படியும் ஏஜென்ட் வைத்துத்தான் நுழைவீர்கள், அவர் பெயருக்கே அனுப்பச் சொல்லுங்கள்.

கூரியரைவிட நான் நம்புவது வருகிற சொந்தக்காரர்களின் பெட்டி. சிங்கப்பூரிலிருந்து லங்காவி ஒன்றரை மணி நேரப் பயணம், கொழும்பு நாலு மணி நேரம். மச்சானோ தம்பியோ பார்க்க வருவதாகச் சொன்னால், "சும்மா வராதே, ஆல்டர்னேட்டரோடு வா" என்று சொல்லலாம். ஆனால் ஆபத்தில் கொளுத்தும் தீப்பந்தக் குச்சி, பெயின்ட், காஸ் டப்பா எதையும் கொடுத்தனுப்பாதீர்கள். உபரி லித்தியம் பேட்டரி என்றால் 100 வாட்-அவருக்குள் இருக்க வேண்டும், கைப்பையில்தான் போக வேண்டும். 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் கிடையாது. பெரிய லித்தியம் பேட்டரியைத் தனியாகப் பயணிகள் விமானச் சரக்கில் அனுப்புவதை 2016 ஏப்ரலிலிருந்தே தடுத்துவிட்டார்கள். டீசல் வாசம் வீசும் பழைய பம்ப்பையும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், நன்றாகக் கழுவி உலர்த்துங்கள்.

இனித் தேதி. உங்கள் திட்டத்தில் எனக்குப் பிடிக்காதது ஜனவரி கடைசியில் கிளம்புவதுதான். வங்காள விரிகுடாவைத் தாண்ட ஜனவரி, பிப்ரவரியில் அடிக்கும் வடகிழக்குக் காற்றுதான் நல்லது. லங்காவியிலிருந்து காலிக்குச் சுமார் 1,200 கடல் மைல், நடுவில் கடை கிடையாது. அந்தச் சமயத்தில்தான் சீனப் புத்தாண்டும் வரும், ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் நடுவில் ஏதோ ஒரு நாள். ஜாலான் புசார் கடைகள் நாலைந்து நாள் கதவடைக்கும், தைவானிலும் சீனாவிலும் இருக்கும் தொழிற்சாலைகள் இன்னும் அதிக நாள் மூடியிருக்கும். அந்த வாரத்தில் ஒரு பாகத்துக்கு ஆர்டர் போட்டால் காற்று முடிகிற நேரத்தில்தான் கைக்கு வரும். அவசரத்தில் யார் கேட்கும் விலையையும் கொடுப்பீர்கள்.

அதனால் தீபாவளியை வீட்டில் கொண்டாடிவிட்டு நவம்பரில் கிளம்புங்கள். லங்காவி இங்கிருந்து 400 கடல் மைலுக்கு மேல். மலாக்கா நீரிணையில் காற்று கம்மி, பாதிக்கு மேல் எஞ்சினில்தான் ஓட்டுவீர்கள். அதைவிட நல்ல பரிசோதனை வேறில்லை. கெடப்போவது அங்கே கெடட்டும். லங்காவியிலும் புக்கெட்டிலும் படகு தெரிந்த பட்டறைகள் இருக்கின்றன, படகைத் தூக்கிக் கரையில் வைக்க சிங்கப்பூரைவிடச் செலவு குறைவு. டிசம்பர் முழுவதும் கையில் இருக்கும், சீனப் புத்தாண்டுக்கு முன் எதை வேண்டுமானாலும் வரவழைக்கலாம்.

கிளம்புமுன் இங்கே வாங்க வேண்டியதை எங்கே வாங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். பேரிங், சீல், பெல்ட், ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு ஜாலான் புசார் பக்கம், மின்னணுச் சில்லறைக்கு சிம் லிம் டவர். சிம் லிம் ஸ்கொயர் இல்லை, எதிரில் இருக்கும் டவர். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் படகுப் பாகத்துக்குச் சுங்கத்தீர்வை கிடையாது, 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு. 2023-லிருந்து 400 வெள்ளிக்குக் குறைந்த இணையச் சாமானுக்கும் அந்த வரி பொருந்தும், எனவே சின்னச் சின்னப் பார்சலாகப் பிரித்து வாங்கும் பழைய தந்திரம் இப்போது எடுபடாது.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள், கைத்தொலைபேசியில் மட்டும் வைத்தால் உப்புத் தண்ணீருக்குப் போய்விடும். எஞ்சின் தகட்டில் உள்ள எண்ணிலிருந்து கழிவறைப் பம்ப்பின் ரப்பர் வால்வு வரை, கழற்றும்போதெல்லாம் எண்ணையும் அளவையும் எழுதுங்கள். ஒரு ஸ்கேலை பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். கழற்றிய பழையதை, புதியது மாட்டி ஓடும்வரை தூக்கிப் போடாதீர்கள்.

அப்புறம், இந்த வாரமே எஞ்சின் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, கடல்நீர் பம்ப்பின் அடியில் அந்தச் சின்ன ஓட்டையைப் பாருங்கள். சுற்றி வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், ஒரு சனிக்கிழமை நானே வந்து கழற்றித் தருகிறேன். டின் மட்டும் வைக்காதீர்கள்.